பாகற்காய்ப் பச்சை, பன்னிரண்டு கிலோ

நான் பொய் சொல்லமாட்டேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. உண்மை வேறு. ஒரே ஒரு முறை ஒரு தப்பை மறைக்கப் பார்த்து, கம்ப்யூட்டரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து அந்தத் துணிச்சல் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை உற்பத்தியாளரிடம் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் முதலாளி இரண்டு சாஃப்ட்வேர்களின் பெயரை எழுதிய சீட்டை நீட்டினார்.

"ஆடிட்டர் சொல்றாரும்மா. ஒரு ஆர்டர் போனா யாரு போட்டாங்க, யாரு ஓகே பண்ணாங்க, பின்னாடி யாரு கை வச்சாங்க, எல்லாம் தெரியணுமாம். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு எது நல்லதுன்னு சொல்லு."

"பர்ச்சேஸ் ஆர்டர் கன்ட்ரோல், ஆடிட் ட்ரெயில், எல்லாம் படிச்சிருக்கேன் சார்," என்றேன். (படித்தது பரீட்சைக்கு முந்தைய நாள். அதிலும் பாதிப் பாடம்தான்.)

முதல் சாஃப்ட்வேர் பரம சாது. ஆர்டர் போட்டேன், வாங்கிக்கொண்டது. அழித்தேன், சுவடே இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. (என் புத்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

இரண்டாவது கெடுபிடிப் பேர்வழி. ஆர்டர் கேட்பவர் ஒருவர், அனுமதிப்பவர் இன்னொருவர் என்று இரண்டு பேர் இருந்தால்தான் நகரும். அன்றைக்குப் பார்த்து ஸ்டோர் பார்க்கும் மணி அண்ணா செய்யாறு போயிருந்தார். முதலாளி களம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அதனால் என்ன? இருவர் பெயரிலும் நானே கணக்குத் திறந்தேன். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மணி அண்ணாவாக மாறி ஆர்டர் கேட்டேன். பிறகு முதலாளியாக மாறி, நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, அனுமதித்தேன்.

ஆர்டர் என்னவென்றால், சேவூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தேவராஜ் அண்ணாவிடம் இருக்கும் எங்கள் வெள்ளைப் பட்டு நூல் பன்னிரண்டு கிலோவுக்குச் சாயம் போடவேண்டும். என்ன நிறம் என்று கேட்டது. அன்று என் டிபன் பாக்ஸில் பாகற்காய்ப் பொரியல். அந்த வெறுப்பில் 'பாகற்காய்ப் பச்சை' என்று அடித்தேன். 'அவசரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் டிக் செய்தேன். பரிசோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டாமா?

நிஜ ஆட்களின் விவரம் போட்டால்தான் சரியாகத் தெரியும் என்று சாஃப்ட்வேர் விற்பவர் சொல்லியிருந்ததால், தேவராஜ் அண்ணாவின் செல் நம்பரையும் ஏற்றியிருந்தேன். அனுமதி விழுந்த நொடியில் ஆர்டர் தானாக வாட்ஸ்அப்பில் போய்விடும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அதைத்தான் நான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மதியம் தேவராஜ் அண்ணா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஒரு கையில் ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு, பட்டு நூல், மறு கையில் ஒரு பாகற்காய்.

"மொதலாளி, எப்பவும் சீட்டோட மாதிரி நூல் ஒரு இழை அனுப்புவீங்க, இந்த தபா வரல. நீங்களே ஓகே பண்ணிகிறீங்க, ஜல்தின்னு வேற கீது. அதான் மார்க்கெட்ல நல்ல காயா பொறுக்கி வாங்கியாந்து, பக்கத்துல வச்சிகினே சாயம் போட்டேன். எப்படி ஒட்டிகினு கீது பாருங்க!"

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. காய் எது, நூல் எது என்று தெரியவில்லை. அந்த நூல் ஒரு கல்யாண வீட்டாருக்காக அரக்குச் சிவப்பு ஆகவேண்டிய நூல்.

முதலாளி தேவராஜ் அண்ணாவின் போனை வாங்கிப் பார்த்தார். ஆர்டர் கேட்டவர் மணி என்று இருந்தது. ஸ்டோரிலிருந்து மணி அண்ணாவைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா இது பேஜாரு? யாரைக் கேட்டு என் பேர்ல ஓகே போட்ட?"

"நான் நேத்து செய்யாறுல இருந்தேன் மொதலாளி."

"அப்ப உன் பேரு எப்படி வருது?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மெல்ல என் அறைக்கு நழுவி, ஆர்டரை அழிக்கப் போனேன். அழிக்கக் காரணம் கேட்டது. 'தவறு' என்று அடித்தேன். மறுத்தது. 'சும்மா டெஸ்ட்.' மறுத்தது. மூன்றாம் முறை, 'இயேசுவே காப்பாத்தும்.' அதற்கும் மசியவில்லை.

வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "ஸ்டோர் சாவியை வச்சிட்டுக் கெளம்பு." அடுத்து, மேசை மேல் சாவிக்கொத்து விழும் சத்தம். பத்தொன்பது வருஷமாக மணி அண்ணாவின் இடுப்பில் இருந்த சாவி அது.

என் வேலை போனாலும் போகட்டும் என்று ஓடினேன். "சார், அண்ணா செய்யல. நான்தான். வந்து பாருங்க."

ஆடிட் ட்ரெயிலைத் திறந்து காட்டினேன். மணி அண்ணா பெயரில் கணக்குத் திறந்தது ஸ்டெல்லா. முதலாளி பெயரில் திறந்தது ஸ்டெல்லா. ஆர்டர் கேட்டதும் அனுமதித்ததும் ஒரே நிமிஷத்தில், என் கம்ப்யூட்டரிலிருந்து. அதோடு நிற்கும் என்று நினைத்தேன். முதலாளி கீழே தள்ளிப் படித்துக்கொண்டே போனார்.

"அழிக்க முயற்சி, ஸ்டெல்லா, காரணம்: தவறு. அழிக்க முயற்சி, ஸ்டெல்லா, காரணம்: சும்மா டெஸ்ட். அழிக்க முயற்சி..." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அவரு காப்பாத்துவாரும்மா. இந்தக் கம்ப்யூட்டர் விடாது போலக்கீதே!"

முதலில் சிரித்தவர் தேவராஜ் அண்ணா. நான் அழுதுகொண்டிருந்தேன். எனக்காகப் பேசியவர், நான் மாட்டிவிட்ட மணி அண்ணாவேதான்.

"வுடுங்க மொதலாளி, சின்னப் பொண்ணு. சொல்லாம இருந்திருக்கலாம். வந்து சொல்லிடுச்சு இல்ல?" என்றபடி சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

முதலாளி தேவராஜ் அண்ணாவின் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரி, ரெண்டுல எது நல்லது?" என்றார்.

"இதுதான் சார். அண்ணாவைக் காப்பாத்திடுச்சு."

"இதையே வாங்கு. என் பாஸ்வேர்டை நானே போட்டுக்கறேன்."

நூலைத் தேவராஜ் அண்ணா திரும்பவும் சாயத்தில் முக்கிக் கரும்பச்சை ஆக்கிக்கொடுத்தார். கல்யாண வீட்டுச் சிவப்புக்கு முதலாளி வேறு நூல் ஏற்பாடு செய்தார். என் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை. அந்த மூன்று பேருக்கும் நான் எப்படி நன்றி சொன்னாலும் போதாது. இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

ஒரு புடவைக்கு ஆகிற பாகற்காய்ப் பச்சை நூலை மட்டும் மணி அண்ணா யாருக்கும் சொல்லாமல் ஸ்டோரில் ஒதுக்கி வைத்திருந்தார். என் கல்யாணத்தின்போது மூவரும் சர்ச்சுக்கு வந்து, அரக்கு பார்டர் போட்டு நெய்த அந்தப் புடவையைக் கொடுத்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் அச்சடித்த ஒரு பர்ச்சேஸ் ஆர்டரும் இருந்தது. கேட்டவர் மணி, அனுமதித்தவர் முதலாளி. இந்த முறை நிஜமாகவே அவர்கள்தான்.

எங்கள் வீட்டில் யாராவது "நான் செய்யல" என்றால், "காரணம் போடு" என்று எல்லோரும் கத்துவார்கள். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் நான் அந்தப் புடவையைக் கட்டுகிறேன். என் கணவர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பாகற்காய் வாங்கிவந்து, முந்தானைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.