நாற்பதாவது ஆள்

என் வாழ்க்கையில் ஒரேயொரு நாள்தான் நான் இன்றியமையாத மனிதனாக இருந்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து நான் அங்கே இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நடக்கவேண்டுமானால், நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டப்படி, அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருக்கிற, வயதுவந்த ஆண்கள் நாற்பது பேராவது பள்ளிவாசலில் இருக்கவேண்டும். குத்பாப் பிரசங்கம் தொடங்கியதிலிருந்து தொழுகை முடியும்வரை ஒருவரும் குறையக்கூடாது. முப்பத்தொன்பது பேர் என்றால் ஜும்ஆ இல்லை. மற்ற நாள்களைப் போல நண்பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வழிப்போக்கர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. விருந்தாளி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவரும் சேர்த்தி இல்லை.

தென்மராட்சியில் எங்கள் கடைத்தெரு சின்னது. பல வருடங்களாக நாங்கள் முப்பத்துச் சொச்சம் பேராகவே இருந்தோம். ஒரு பையன் மீசை முளைத்துக் கணக்கில் சேர்ந்தால், அடுத்த மாதமே ஒரு கிழவர் மௌத்தாகிப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கடைகளைப் பூட்டிவிட்டு, காலை ரயிலில் யாழ்ப்பாணப் பட்டினம் போய் ஜும்ஆ தொழுதுவிட்டுப் பின்னேர ரயிலில் திரும்புவோம்.

நமக்கென்று ஒரு ஜும்ஆ வேண்டும் என்று அதிகம் சத்தம் போட்டவன் நான்தான். (பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கோட்டுத் தைப்பதில் பெயர் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முழுவதும் மெசின் சும்மா கிடப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது.) நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று ஓர் இங்கிலீசுப் புத்தகத்தில் வேறு படித்துவைத்திருந்தேன். அதன் பலனாகக் கடைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. துன்யா ஒரு பக்கம், தீன் ஒரு பக்கம். உலக அலுவலுக்கு நீலப் பென்சில், தொழுகைக்குச் சிவப்புப் பென்சில். ஒன்று முடிகிற நிமிடத்தில் மற்றது தொடங்கும். அளவுநாடாவால் கழுத்தையும் இடுப்பையும் அளக்கிறவனுக்கு ஒரு நாளை அளப்பதா பெரிய வேலை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட காலம் அது.

அந்த வருடம் புதிதாக ஓர் இரும்புக் கடைக் குடும்பம் வந்து குடியேறியது. மாமா பெயர்களை எழுதி எண்ணிப் பார்த்தார். சரியாக நாற்பது. மாமா என்றால் உம்மாவின் தமையன், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார், என் வருங்கால மாமனார். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் கடைசியா வாறவனை வேறை எங்கை எழுதுறது?" என்றார்.

பட்டினத்தில் சிலர் நம்பவில்லை. நாற்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டார்கள். முடிவில் அங்கிருந்து மார்க்கம் கற்ற ஓர் ஆலிம்சா ஒரு வெள்ளிக்கிழமை வந்து, தம் கண்ணால் எண்ணிப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. நாற்பது தேறினால் இனி எங்கள் ஊரில் ஜும்ஆ. தேறாவிட்டால் பழையபடி ரயில். மாமா எனக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். "முதல் ஜும்ஆ தேறட்டும். பிறகு உங்கடை கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

இதே வெள்ளிக்கிழமைதான் நீர்வேலித் தம்பையரின் கோட்டும் வந்து குறுக்கே நின்றது.

தம்பையருக்குக் கண்ணெட்டும் தூரம் வாழைத்தோட்டம். மகன் மலாயாவுக்குக் கிளாக்கர் வேலைக்குப் புறப்படுகிறான். அன்றிரவு மெயில் ரயில். அவன் போட்டுக்கொண்டு போகவேண்டிய கோட்டை வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். (உலகத்தில் எந்தத் தையல்காரன் சொன்ன நாளில் கொடுத்திருக்கிறான்?) வியாழன் பொழுதுபட்டபோதும் பொத்தான் துளைகள் முடியவில்லை. சுவரில் அட்டவணையைப் பார்த்தேன். எட்டரைக்குச் சைக்கிளில் புறப்பாடு. பத்துக்கு நீர்வேலி. பத்தேகாலுக்குத் திரும்பல். பதினொன்றே முக்காலுக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பன்னிரண்டுக்கு முன்வரிசையில் இருப்பேன். நீலமும் சிவப்பும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன!

அட்டவணையில் காற்றுக்கு ஒரு கட்டம் போட மறந்துவிட்டேன். அது தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் காலம். கைதடியில் கடலேரியைக் கடக்கும் தாம்போதியில் ஏறியதும் காற்று விலாவில் கைவைத்துத் தள்ளியது. கோட்டை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். நீர்வேலியில் தம்பையர் வீட்டுப் படலையைத் திறந்தபோது பத்து முப்பத்தைந்து.

தம்பையர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்தரைக்கு முந்தி வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி. இப்ப ராகுகாலம் துவங்கியிட்டுது. புதுத் துணி மேலிலை படக்கூடாது. பன்னிரண்டு மட்டும் இரும்."

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் கடைத்தெருவில் ராகுகாலம் தெரியாமல் எந்தச் சாதிமதத்தானும் வியாபாரம் செய்யமுடியாது. என் அட்டவணையில் இடம் இல்லாததால் அது நடக்காது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கோட்டை வைத்துவிட்டுப் போகிறேனே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கை நீண்டுபோச்செண்டால் மலாயாவிலை ஆர் வெட்டித் தாறது? அவன் போட்டுக் காட்டாமல் நீர் போகேலாது."

இருந்தேன். ஒரு சீப்புக் கதலிப்பழம் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒன்று தின்றேன். பதினொன்று அடித்தது. இன்னொன்று தின்றேன். எங்கள் பள்ளிவாசலில் இப்போது பாய் விரிப்பார்கள். ஆலிம்சா ரயிலால் இறங்கியிருப்பார். மாமா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். வருகிறவர்களை மனத்துக்குள் எண்ணுவார். பதினொன்றரை. நான் தின்ற பழம் ஒன்பது.

"என்ன, அடிக்கடி மணிக்கூட்டைப் பாக்கிறீர்? ஏதும் அலுவலோ?"

இங்கேதான் நான் என் மூளையை முழுவதுமாக உபயோகித்தேன். தொழுகை என்று சொன்னால், வெள்ளிக்கிழமைகளில் இவன் உதவமாட்டான் என்று வேறு தையல்காரனைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். ஆகவே, "ஓம் ஐயா, கடையிலை கொஞ்சம் அலுவல்" என்றேன்.

"கடை அலுவல் எண்டைக்குத்தான் இல்லை?" என்றார் தம்பையர், காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு. ஆவணியில் மூத்தவனுக்குக் கலியாணம் என்றும், நாலு கோட்டாவது தேவைப்படும் என்றும் தொடர்ந்து சொன்னார். நாலு கோட்டு என்றதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. கை மட்டும் பத்தாவது பழத்தை உரித்தது.

பன்னிரண்டு அடித்தது. மகன் கோட்டைச் சாமியறையில் வைத்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். தோள், கை, இடுப்பு எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தின. ஒரு நூல் பிரிக்க வேலையில்லை. ஒன்றரை மணி நேரம் நான் அங்கே இருந்ததற்கு ஒரு காரணமாவது அந்தக் கோட்டில் இருந்திருக்கலாம். அதுவும் இல்லை.

படலையடியில் சைக்கிளில் ஏறிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். நாற்பது பேர், ஆலிம்சா, ஜும்ஆ எல்லாம் ஒரே மூச்சில். தம்பையரின் முகம் மாறிவிட்டது.

"விசரே உமக்கு? தொழுகை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அப்பவே அனுப்பியிருப்பனே. கோயில் அலுவலுக்குப் போறவனை ஆரும் மறிப்பினமோ?"

சோளகத்துக்கு எதிரே தாம்போதியால் போகவேண்டாம், வடக்கே புத்தூர் போய் மீசாலைப் பாதையால் போனால் காற்றுப் பிடரியில் தள்ளும் என்று அவர்தான் வழி சொன்னார். நல்ல மனிதர். நல்ல யோசனையும்கூட. அந்த நல்ல யோசனைதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது.

நான் அந்தப் பாதையில் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சத்தியம் செய்தேன். இன்றைக்கு மட்டும் ஜும்ஆ கிடைத்தால் அட்டவணையைக் கிழிப்பேன், விடியல் தொழுகையான சுபஹுக்கு முன்னால் எழும்புவேன், வியாழக்கிழமையோடு மெசினை மூடுவேன். புத்தூர்ச் சந்திக்குள் இருபது சத்தியம் சேர்ந்துவிட்டது. (அவற்றில் நான் நிறைவேற்றியது அட்டவணையைக் கிழித்தது மட்டும்.)

அதேவேளை பள்ளிவாசலில் நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாக எனக்குச் சொன்னார்கள். பாங்கு சொல்லியாகிவிட்டது. ஆலிம்சா எண்ணினார், முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார்; முப்பத்தொன்பது. அவர் பட்டினத்து ஆள், எண்ண வந்தவரை எண்ணமுடியாது. இந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஸலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். எல்லார் முகமும் மலர்ந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். மன்னார் என்றார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மனிதர் தாம் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் ஒரு மூலையில் ஒடுங்கினார்.

ஜும்ஆவுக்குப் பின்னேரத் தொழுகையான அஸர் வரை நேரம் இருக்கிறது, கொஞ்சம் பொறுப்போம் என்று ஆலிம்சா சொல்லியிருக்கிறார். மாமாவால் பொறுக்கமுடியவில்லை. "அவனைக் காதிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன்" என்று மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு கைதடிப் பக்கம் போய்விட்டார். நீர்வேலிக்குப் போனவன் தாம்போதியால்தானே திரும்பவேண்டும்?

நான் பள்ளிவாசல் வேலியில் சைக்கிளைச் சாய்த்தபோது ஒன்றேகால். அவசரமாக ஒளுச் செய்தேன். ஈரக் கையோடு உள்ளே போனேன். அத்தனை பேரும் மூச்சு விட்டது கேட்டது. ஆலிம்சா எழுந்து, முன்வரிசையிலிருந்து ஒரு தடவை பார்வையை ஓட்டினார்.

"முப்பத்தொன்பது."

மறுபடி எண்ணினார். அதே முப்பத்தொன்பது.

"மரைக்கார் எங்கை?" என்றார்.

மற்ற முப்பத்தெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாய்ந்து எழுந்து, நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன்.

"இரும்," என்றார் ஆலிம்சா. அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இனி ஒருத்தரும் இந்த வாசலைத் தாண்டப்படாது."

வேலிக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடைச் சின்னத்தம்பி நின்றான். அவன் எங்கள் எண்ணிக்கைக்கு வெளியே உள்ளவன் என்பதால் அவன் மட்டுமே நடமாடக்கூடிய மனிதனாக இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். தாம்போதி முனையில், புளியமரத்தடியில், மாமா வண்டிக்குள் இருந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மருமகன் வந்துவிட்டான் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

"இந்தத் தாம்போதியைத் தாண்டாமல் அவன் எப்பிடியடா வருவான்? கடலுக்குள்ளாலையோ?"

சின்னத்தம்பி சைக்கிளைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் மாடு திரும்பியது.

உள்ளே நான் கால் மடக்கி இருந்தேன். சட்டைக் கையில் தம்பையர் மகனின் கோட்டு நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக்கூடப் பயமாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்த, இறைச்சிக் கடை வைத்திருந்த காக்கா ஒருவரின் வயிறு இரைந்தது. வெளியே சந்தைக்கு வந்த சனங்கள் பூட்டிக் கிடந்த கடைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவது கேட்டது. என் அல்லாஹ்வே, ஒரு மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் வேகம் கொடு என்று கேட்டேன். நான் மனமொப்பிக் கேட்ட முதல் துஆ அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு மணிக்கு ஆலிம்சா மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இவ்வளவு சனத்தின்ரை பிழைப்பையும் கட்டி வைச்சிருக்க எனக்கு உரிமை இல்லை. இண்டைக்கு இனி ஜும்ஆ இல்லை, லுஹர் தொழுவம். எழும்புங்கோ."

எழும்பினோம். நாலு ரக்அத். கடைசி இருப்பில் இருக்கும்போது தெருவில் மாட்டுச் சதங்கை கேட்டது. தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு வாசலில் நின்றது. யாரும் திரும்பக்கூடாது. செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஆலிம்சா வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். நாங்களும் வலப்பக்கம் திரும்பினோம். இடப்பக்கம் ஸலாம் கொடுத்தார், இடப்பக்கம் திரும்பினேன். அந்தப் பக்க வாசலில், புதுத் தொப்பியோடு, மாமா நின்றார்.

இப்போது சரியாக நாற்பது பேர் இருந்தோம்.

ஆலிம்சாவுக்கு அடுத்து வசதிப்பட்டது மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதமும் எங்கள் கடைத்தெரு முழுவதும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ரயிலில் போய்வந்தது. ஒரே பெட்டி. எனக்கு எதிரே எப்போதும் மாமா. கலியாணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னது அவர் மகள்தான், அதுவும் என் உம்மாவிடம். "கோட்டு வெட்டேக்கை தையலுக்கு அரை அங்குலம் கூட விட்டு வெட்டத் தெரிஞ்சவருக்கு, வெள்ளிக்கிழமைக்கு விட்டு வெட்டத் தெரியேல்லையோ, மாமி?" என்று கேட்டிருக்கிறாள். உம்மா அதை எனக்கு எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்து ஒப்புவித்தார்.

ஆலிம்சா மறுபடி வருவதற்கு முதல்நாளே மாமா என் சைக்கிளைப் பள்ளிவாசல் அறைக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் நாற்பது தேறியது. நாலாம் வாரம் எனக்கு நிக்காஹ் ஆயிற்று.

இப்போது எங்கள் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லை. நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஆனாலும் பதினொரு மணிக்கே போய்த் தூணடியில் இருந்துவிடுகிறேன். வருகிறவர்களை எண்ணக்கூடாது என்று இருப்பேன். மனம் தானாக எண்ணும். நாற்பதாவது ஆள் வாசலைத் தாண்டியபிறகுதான் மூச்சு ஒழுங்காக வரும்.

போன வருடம் மூத்த மகளின் நிக்காஹ். வீடு நிறையச் சனம், பந்தல் நிறையச் சனம், வேலிக்கு வெளியேயும் சனம். நிக்காஹை நடத்திவைக்கும் லெப்பை கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அங்கே இல்லை. (மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன்.) எல்லாரும் வந்தாயிற்றா, தொடங்கலாமா என்று லெப்பை கேட்டது காதில் விழுந்தது. உடனே பெண்கள் பக்கத்துத் திரைக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"பொறுங்கோ லெப்பை. இன்னும் முப்பத்தொன்பது பேர்தான்."

எங்கள் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் விளங்காமல் பந்தலைச் சுற்றி எண்ணத் தொடங்கினார்கள்.