பதினாலு டன் லாபம்

"நட்டக் கணக்கைத் தூக்கிகினு பேங்க்கார அம்மா முன்னாடி நிக்கறதுக்கு, கேட்டைப் பூட்டிட்டுப் போயிடலாம்," என்றார் அருள்மொழி.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் போல்ட்டுக்கு இரும்பு வாஷர் அடிக்கும் அவருடைய கம்பெனிக்குப் பத்தொன்பது வருடமாக ஷோபனாதான் கணக்கு. கைக்கு வராத பணத்தை வரவு வைக்கமாட்டாள்; வரப்போகிற நட்டத்தை இன்றே எழுதிவிடுவாள். அப்படி எழுதியதில் இந்த வருடம் பன்னிரண்டு லட்சம் நட்டம். மதியம் மூன்று மணிக்கு வங்கி அதிகாரி வருகிறார். கடனைக் கட்ட இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் அவளையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"எங்கப்பன் கூலிக்கு நாத்து நட்ட எடம்மா இது. இங்க நான் முதலாளியா குந்திகினு கீறேன். நட்டம்னு காட்டுனா எங்க ஊட்டு மானம் இன்னா ஆவறது?"

"மானத்தை எந்தப் பக்கத்துல எழுதறது சார்?"

"கிண்டலா? குடோன்ல பதினாலு டன் வாஷர் கீதே, அதுக்கு இன்னா விலை போட்ட?"

"துருப்பிடிச்சது சார். பழைய இரும்பு விலை."

"புது விலை போடு."

போட்டாள். நட்டம் மறைந்து அறுபதாயிரம் ரூபாய் லாபம் எட்டிப்பார்த்தது. அச்சுக்கு அனுப்பினாள், கையெழுத்து மட்டும் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பிரின்டர் இருந்தது பட்டறைக்குள். அவள் போய்ச் சேருவதற்குள் தாள் கன்னியம்மாவின் கையில் இருந்தது. வாஷர் அடிக்கும் பிரஸ் மிஷினில் பதினைந்து வருடம் நின்றவள். பின்னாலேயே வந்த அருள்மொழியைப் பார்த்துக் கத்தினாள்.

"லாபமாமே அண்ணாத்தே! ரெண்டு வருசமா சம்பளம் ஏத்துன்னு கேட்டா நட்டம் நட்டம்னு மூக்கைச் சிந்துனியே!"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதிகாரி வரும் நேரத்தில் பட்டறை ஓடவில்லை என்றால் அதைவிடக் கேவலம் வேறில்லை. ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஏற்றுவதாக அருள்மொழி வாக்குக் கொடுத்தார். மிஷின்கள் ஓடின. செய்தியும் ஓடியது, டீக்கடை வரைக்கும்.

அரை மணியில் தகடு வியாபாரி இஸ்மாயில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"சம்பளம் ஏத்துறியாமே அண்ணாத்தே! அப்ப என் தகடு பாக்கியையும் குடு."

"ஏது பாய் பணம்? ஷோபனாம்மா, அந்த நட்டக் கணக்கை எடு!"

நட்டத்தைக் காட்டமாட்டேன் என்று காலையில் கேட்டைப் பூட்டக் கிளம்பியவர் இவர்தான். ஷோபனா பெருமூச்சோடு எடுத்துக் கொடுத்தாள். இஸ்மாயில் படித்தார். ஒரு மினி லாரிக்குப் போன் போட்டார்.

"முழுகற படகுல நான் சரக்கு ஏத்தமாட்டேன். காலையில இறக்குன தகடாச்சும் மிஞ்சட்டும்."

கடைசித் தகடு லாரியில் ஏறும்போது வங்கி அதிகாரி ரோஷினியின் கார் உள்ளே நுழைந்தது.

"லோடு வெளியே போகுது போல?" என்றபடி இறங்கினார்.

அருள்மொழி லாபத் தாளைத் தேடினார். அதற்குள் ஷோபனா நட்டக் கணக்கோடு முன்னால் வந்துவிட்டாள். காலையிலிருந்து ஆளுக்கொரு கணக்கு. இனிமேல் அவளால் முடியாது.

"என் கையெழுத்து இருக்கிற கணக்கு இது ஒண்ணுதான் மேடம். பன்னிரண்டு லட்சம் நட்டம்."

ரோஷினி ஒரு பக்கம் விடாமல் படித்தார். ஓடுகிற மிஷின்களைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"பழைய சரக்குக்கு இரும்பு விலைதான் போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ஆனா சம்பளம் ஏத்தறீங்களாம். கேட்ல சொன்னாங்க."

புன்னகையோடு ஃபைலில் இரண்டு வரி எழுதினார். காருக்குப் போய்ப் போனில் ஏதோ பேசிவிட்டு, பக்கத்துக் கம்பெனிக்கு நடந்தார்.

அருள்மொழிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியாம்மா, உண்மைக்கு மரியாதை கீது! சிரிச்சிகினே எழுதுனாங்க. ஒரு வருசம் டயம் கெடைச்ச மாதிரிதான்."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, கைக்கு வராத ஒன்றை ஷோபனா மனதில் வரவு வைத்துக்கொண்டாள்.

காரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் வேம்புலி திரும்பினார்.

"டயமா? நைனா, இந்தப் பேட்டையில லாபம்னு கணக்கு நீட்டுனவன்லாம் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான், நட்டம்னு அழுதவன்தான் பங்களா கட்டிகினு கீறான். அதான், லோடு போவுது, சம்பளம் ஏறுது, பார்ட்டி நல்லா கீது, மொத்தக் கடனையும் ஒரே தவணையில திருப்பி வாங்கிடலாம்னு மேடம் இப்பத்தான் போன்ல சொன்னாங்க."