கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கொலைகாரி

மெஷினிலிருந்து வந்த தாளை டபுள் கிளவுஸ் மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்று முறையும் எண்கள் மாறவில்லை.

தாளில் இருந்தவை வெறும் எண்கள்தான். பதினான்கு–பதினேழு, இருபத்தொன்பது–முப்பது, ஒன்பது–ஒன்பது என்று ஜோடி ஜோடியாக. கொலையுண்ட டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் சட்டையில், சின்னதாக வட்டமாக ஓர் இடத்தில், யாரோ ஒரு பெண்ணின் எச்சில் ஒட்டியிருந்தது. அதன் டி.என்.ஏ.தான் இந்த எண்கள். அந்தப் பெண் யாரென்று போலீசுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. டபுள் கிளவுஸுக்கு மட்டும் தெரியும். காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் பார்ப்பதே இந்த எண்களைத்தான்.

கண்ணாடிச் சட்டம் போட்டு, அவருடைய கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தது.

பத்தாவது திருமண நாளுக்கு மனைவி ஒரு சங்கிலி எதிர்பார்த்தாள். மனிதர் அவளுடைய எச்சிலை எடுத்து, லேப்பில் புதிதாக வந்திருந்த மெஷினில் கொடுத்து, வந்த எண்களைத் தங்க நிறத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "உலகத்துலயே உன்னைத் தவிர வேற யாருக்கும் இது கிடையாதும்மா!" என்றார். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கழுத்துல மாட்டிக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். பொறுமைசாலி.

அந்தப் பொறுமைசாலியா கொலைகாரி?

பெயரைச் சொல்லி அவரை லேப்பில் யாரும் கூப்பிடுவதில்லை, 'டபுள் கிளவுஸ்' என்பார்கள். ஒரு ஜோடி கையுறை போதும் என்பது விதி. இவர் அதன் மேல் இன்னொரு ஜோடி போடுவார். லேப் சலவைக்காரரிடம் கோட்டைக் கொடுக்க மாட்டார், அங்கே நாலு பேர் கோட்டோடு சேர்ந்து துவைப்பார்களாம். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி கையால் துவைக்கச் செய்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் கைபட்டு ஒரு தடயமும் கெட்டதில்லை. அடுத்த மாதம் டைரக்டர் நாற்காலி அவருக்குத்தான் என்று பேச்சு.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"மெஷின் சரியில்லை போலிருக்கு."

"நேத்துதானே சார் சர்வீஸ் பண்ணினாங்க!"

மறுபடி ஓட்டினார். மெஷின் ஒரு புள்ளி பிசகாமல் அதே எண்களைத் துப்பியது. தாளை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். இருபத்து நாலு வருஷத்தில் முதல் திருட்டு.

பஸ்ஸில் வரும்போது யோசிக்க யோசிக்கச் சந்தேகம் வலுத்தது. காரணம் இல்லாமலா? அந்த முதலாளியிடம்தான் இவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்பது ஒரு மரியாதைக்கு. நாலு தடவை டெஸ்டில் தோற்றார். நாலாவது தடவை, பத்துப் பேர் முன்னால் அந்த ஆள், "சார், உங்களுக்குப் பின் சீட்டு நல்லா வரும். அதையே கத்துக்கோங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து இவர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அழுதுகூட விட்டார். அப்போது மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "விடுங்க, அந்த ஆளுக்கு இருக்கு" என்றாள்.

இருக்கு என்றால், இதுதானா? ஐயோ, எனக்காகவா இந்தப் பாவி இப்படிச் செய்துவிட்டாள் என்று பஸ்ஸிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகக் கட்டிலில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார்.

"எதுக்குங்க அதைக் கழட்டறீங்க?" மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஆணி ஆடுது."

"பத்து வருஷமா ஆடாத ஆணி இன்னிக்கு ஆடுதா?"

அவர் கட்டிலிலிருந்து இறங்கிக் கேட்டார்: "ஏம்மா, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எங்கே இருந்தே?"

அவள் முகம் வெளுத்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். பேப்பரில் கொலைச் செய்தி வந்திருந்தது. செவ்வாய், மூன்று மணி என்பதும் வந்திருந்தது.

"அப்போ நான் உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க எடுக்கலை" என்றாள் மெதுவாக. பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா எடுத்தீங்கன்னே சொல்லிடலாம். ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தோம். சரியா?"

"ஏன் அப்படிச் சொல்லணும்?"

"ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

சாட்சிக்கு என்னையே தயார் பண்ணுகிறாளே!

இருந்தாலும் விஞ்ஞானி அல்லவா? பத்து வருஷத்துக்கு முந்தைய எண்களில் தப்பு இருக்கக்கூடாதா? மறுநாள் அவளுடைய பல் துலக்கும் பிரஷை உருவிக்கொண்டு போய்ச் சோதித்தார். தப்பே இல்லை. பிரஷைக் குப்பையில் எறிந்துவிட்டு வந்தார்.

"என் பிரஷ் எங்கேங்க?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எலிக்கு எதுக்குங்க பிரஷ்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவள் மேற்கொண்டு கேட்காமல் அவரையே வெறித்துப் பார்த்துவிட்டுப் போனதுதான் அவரை இன்னும் கலக்கியது.

அதிலிருந்து அவள் கழுவ ஆரம்பித்தாள். அவருடைய கோட்டை ஒரே நாளில் மூன்று முறை வெந்நீரில் துவைத்தாள். அவருடைய செருப்பின் அடிப்பாகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். குடையைக் கழுவினாள்! "மழையே இல்லையே, குடையை எதுக்கும்மா கழுவறே?" என்றதற்கு, "எதுக்கும் இருக்கட்டுமே" என்றாள். தப்புச் செய்தவர்களுக்குக் கண்டதையெல்லாம் கழுவத் தோன்றும் என்று எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது அவர் நினைவுக்கு வந்து தொலைத்தது.

சாப்பாடு போடும்போது, "கொஞ்ச நாள் எங்க அக்கா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வரலாமா? அங்கே யாருக்கும் நம்மளத் தெரியாது" என்றாள்.

ஓடிப்போகவும் வழி பார்த்துவிட்டாள்.

அவர் செய்யக்கூடாததைச் செய்தார். 'தடயம் போதுமான அளவில் இல்லை, முடிவு சொல்ல இயலாது' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்ன சார், முதல்ல போன்ல 'நல்ல சாம்பிள், பொம்பளை எச்சில்'னு சொன்னீங்க. இப்போ போதலைங்கறீங்க?"

"அது... காய்ஞ்சு போச்சு."

"எச்சில் காயாம என்ன செய்யும்? பரவாயில்லை சார், சங்கடப்படாதீங்க. சட்டையை வேற ஊர் லேப்புக்கு நாளைக்கு அனுப்பிடறேன். பொம்பளைங்கற விஷயம் மட்டும் வெளியில போக வேண்டாம். பேப்பர்ல கூட வரலை. அவ உஷாராயிடுவா."

அவ்வளவுதான். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அன்று மாலை வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நாளைக்கு இன்னொரு மெஷின் இதே எண்களைச் சொல்லும். யாருடையது என்று என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கோட்டைப் போட்டுப் பார்த்தார். மூன்று முறை வெந்நீரில் முங்கிய கோட்டில் வயிற்றுப் பக்கத்துப் பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. அது புதிதல்ல. அவருடைய தொப்பைக்கும் அந்தப் பட்டனுக்கும் ஆகவே ஆகாது, வாரம் ஒரு முறை பிய்த்துக்கொள்ளும்.

"அப்படியே நில்லுங்க, தைச்சு விடறேன்" என்று மனைவி ஊசி நூலோடு வந்தாள். கண்கள் அழுது சிவந்திருந்தன. நாலு சுற்றுச் சுற்றினாள். பிறகு குனிந்து, பட்டனோடு வாயை வைத்து, நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்தாள்.

டபுள் கிளவுஸ் அந்தப் பட்டனையே பார்த்தார். ஈரமாக மின்னியது.

"நீ... எப்பவும் இப்படித்தான் கடிப்பியா?"

"கத்தரிக்கோலைத் தேடினா நேரமாயிடும்ல?"

"போன வாரமும் கடிச்சியா?"

"கடிச்சேன். அதுக்கு என்னங்க இப்போ?"

என்னவா? கிட்டப்பார்வைக்காரர் அவர். மேஜை மேல் எதை விரித்தாலும் தொப்பை அதில் அழுந்தும்வரை குனிந்துதான் பார்ப்பார். செத்தவன் சட்டையையும் அப்படித்தான் பார்த்தார்! சட்டையில் எச்சில் இருந்த இடம் பட்டன் அளவுக்கு வட்டமாக இருந்ததன் காரணம் இப்போதுதான் மண்டையில் உறைத்தது. கையில் இரண்டு உறை போட்டவர், வயிற்றுக்கு ஒன்று போட மறந்துவிட்டார்.

அப்பாடா! அவருக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியே வேறு ஒன்றும் புரிந்தது. இதைச் சொன்னால் இருபத்து நாலு வருஷப் பேர் போச்சு, டைரக்டர் நாற்காலியும் போச்சு. லேப் முழுக்கச் சிரிக்கும். போகட்டும். நாற்காலியா முக்கியம்?

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார். "மறைச்சு வெச்சது போதும். எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

"வேண்டாங்க!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், சொல்லாதீங்க!"

பாவம், என் மானம் போகுமே என்று தவிக்கிறாள் என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார். முதலில் லேப்புக்குப் போய் டைரக்டரிடம் உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, உண்மை அறிக்கையைப் புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். பட்டனைப் பார்த்தார். தொப்பையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"ஆக, நான் ஒரு வாரமா தேடற பொம்பளை..."

"என் சம்சாரம் சார். நூல் கடிச்சதைத் தவிர அவ ஒரு தப்பும் பண்ணலை. தப்பு என்னோடது. என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுங்க. அவ பேர் மட்டும் இந்த பைல்ல வரக் கூடாது."

"வராது சார். நீங்க இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்னதே பெரிசு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று இன்ஸ்பெக்டர் எழுந்து கை நீட்டினார்.

டபுள் கிளவுஸ் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழு மூச்சு விட்டார். வெறும் கையால் கை குலுக்கினார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஏட்டு உள்ளே வந்தார்.

"ஐயா, ஒரு அம்மா டாக்சி பிடிச்சு வந்து ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்காங்க, 'டிரைவிங் ஸ்கூல்காரரைக் கொன்னது நான்தான், என் வீட்டுக்காரர் வந்து என்ன சொன்னாலும் நம்பாதீங்க'ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க, ஆனா எதால அடிச்சீங்கன்னு கேட்டா மட்டும், 'அவர் எதால அடிச்சாரோ அதாலதான்'னு சொல்றாங்க!"