காதுகளைப் பையில் கொண்டு திரிந்த லோஞ்ச் மாமா

உலகத்தில் கரண்ட் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் தன்னுடைய இரண்டு காதுகளையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, அதைச் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, திருகோணமலை நகரம் முழுவதும் கரண்ட் தேடி அலைந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் லோஞ்ச் மாமா.

மாமாவுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதிலும், அது யாருக்கும் தெரியாது. திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே கடலில் ஆட்களை ஏற்றி லோஞ்ச் என்ற மோட்டார் படகு ஓடிய காலத்தில் அதன் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவர். பாலங்கள் வந்து, சனம் பஸ்ஸில் மூதூருக்குப் போகத் தொடங்கியதும் லோஞ்ச் நின்றுபோனது. மாமாவின் காதுகள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. இடி இடித்தால், “ஆரோ படலையைத் தட்டுகினம்” என்று எழுந்து போவார்.

அப்படியிருந்தும் அவருக்குக் காது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. மாமி இருந்தார்.

மாமியின் குரலைப் பற்றி நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்காரர்களுக்கும் அன்றைக்கு மாமி வீட்டில் என்ன கறி என்று தெரிந்திருக்கும். குசினியில் நின்றபடி, முன்வாசலில் இருக்கும் மாமாவிடம் குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்பார். மாமா யோசித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்காவிடமிருந்து பதில் வந்துவிடும், நேற்றே புளி கூடிப்போனதாக மாமிதான் சொன்னார், இன்றைக்குக் கொஞ்சம் குறைக்கலாம் என்று.

மகளுக்குக் கலியாணம் பேசியபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று மாமி கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பையனுக்குத் தலைமயிர் குறைவு என்ற இரகசியத்தை மாமாவிடம் சொன்னார். பின்னேரம் பையனின் சித்தப்பா வந்து படலையில் நின்றார். அது பரம்பரையில் வருவதில்லை, கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததால் வந்தது என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போனார். கலியாணம் நடந்தது. மகளும் மருமகனும் கனடாவுக்குப் போனார்கள்.

அங்கிருந்து மகள் போன் எடுக்கும்போதெல்லாம் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்பாள். மாமா ஒரேயடியாக மறுப்பார். “எனக்கு வேண்டிய ஆள் கதைக்கிறது எனக்குக் கேக்குது. மற்றவையின்ர கதை எனக்கு என்னத்துக்கு?”

பிறகு ஒருநாள் காலை மாமி குசினியில் விழுந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது மாமி மட்டும்தான். வலது கையும், காலும், அந்தக் குரலும் கூட வரவில்லை. மிஞ்சியிருந்தது ஒரு மூச்சுக் குரல். பக்கத்து வீட்டுக்காரியான நான் குனிந்து கேட்டாலே பாதிதான் பிடிபடும். மாமா வாயருகில் காதை வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

“காத்துத்தான் வருது பிள்ளை.”

ஒழுங்கை வெறிச்சென்று போய்விட்டது. எங்கள் வீட்டில் சோறு வேகும் சத்தம்கூடக் கேட்கத் தொடங்கியது. எதிர்வீட்டு அக்கா, தனக்கே புளி அளவு பிடிபடவில்லை என்று சொன்னார்.

மகள் ஓடி வந்தாள். வரும்போது காது மெஷின்களையும் கொண்டுவந்தாள். அவரைக்கொட்டை அளவில் இரண்டு, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருக்கும். கைத்தொலைபேசி போல அவற்றுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பெட்டி.

அதைப் போட்ட முதல் நாள் மாமா வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஃபிரிஜ் ஏன் முனகுகிறது, காகம் எப்போதிருந்து இவ்வளவு கதைக்கிறது, தன்னுடைய செருப்பு ஏன் இப்படி அழுகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்போது அறைக்குள்ளிருந்து “இஞ்சாருங்கோ” என்று ஒரு குரல் வந்தது. மாமா திரும்பி வாசலைப் பார்த்தார்.

“ஆர் அது வந்திருக்கிறது?”

மகள் கையால் அறையைக் காட்டினாள். மாமா போய்க் கட்டிலில் இருந்துகொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மாமி சொன்னார். அவர் திரும்பவும் சொல்லச் சொன்னார். நாங்கள் வெளியில் வந்துவிட்டோம்.

மகள் கனடாவுக்குத் திரும்பிய பிறகு வந்த காலம் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் இருவரும் கதைத்தார்கள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர்கள் முதல் தடவையாக இரகசியம் பேசினார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆனால் பட்டரிக்கும் வயது போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தொடக்கத்தில் காலையில் போட்டால் படுக்கப் போகும்வரை நின்ற சார்ஜ், பிறகு பின்னேரத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்தது. முடிவதற்கு முன் காதுக்குள் ஒரு சின்னச் சங்கீதம் வரும். அது வந்ததும் மாமா கையை உயர்த்தி, மாமியைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார். பாதிக் கதையில் மாமி வாயசைத்துக்கொண்டிருக்க, மாமா வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்.

நகரத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. பழைய மாதிரி மெஷின் என்றால் பொத்தான் பட்டரி வாங்கி மாற்றலாம், இதில் பட்டரியை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள், கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போகலாம், திரும்பி வர எத்தனை கிழமை ஆகும் என்று சொல்ல முடியாது என்று விளங்கப்படுத்தினான்.

“அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது?” என்று மாமா கேட்டார்.

பொறுத்திருக்க வேண்டியதுதான் என்றான் அவன். மாமா மெஷின்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தக் கிழமைதான் டொக்டர், மாமியின் இதயமும் களைத்துவிட்டது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார்.

“நான் பொறுப்பன் தம்பி. அவ பொறுக்கமாட்டா.”

மகளுக்குச் சொன்னோம். அவள் புது மெஷின் எடுத்துக்கொண்டு வருவதற்கு ஆயத்தம் செய்யும்போதுதான் நாட்டில் டொலர் தீர்ந்து எல்லாம் ஒன்றாக நின்றது. அவளுடைய பயணமும் தள்ளிப்போனது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது.

மாமா மனம் தளரவில்லை. ஒரு காதைப் போட்டுக்கொண்டு மற்றக் காதைச் சார்ஜில் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இடது காது வேலை செய்யும்போது வலது காது ஓய்வில் இருக்கும். கதைக்கப் போகிறவர்கள் முதலில் அவரைச் சுற்றி வந்து, இன்றைக்கு எந்தப் பக்கம் வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கோயில் ஐயர் ஒருநாள் திருநீறு கொடுத்துவிட்டு, பிழையான பக்கத்தில் நின்று மாமியின் சுகம் விசாரித்தார். பதில் வராததால் மாமி போய்விட்டார் என்று நினைத்து அழுதுவிட்டார்.

கரண்ட் போனால் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் புறப்படுவார். எங்கே ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது என்று போகிற வழியில் ஆட்களைக் கேட்பார். அவருக்குத்தான் கேட்காதே. சலூனில் கொஞ்சம், ஐஸ் கொம்பனியில் கொஞ்சம். இறங்குதுறைப் பக்கம், எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவரின் தேத்தண்ணிக் கடையில் அவருக்கென்று ஒரு பிளக்கே இருந்தது. காக்கா அதில் வேறு யாரையும் குத்த விடமாட்டார். ஒருதரம் தெரியாத ஒருவரின் செத்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுவதைக் கண்டு உள்ளே போய்விட்டார். பிரேதத்தின் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் காதுகளைக் குத்திவிட்டு, சார்ஜ் ஏறும்வரை ஆட்களோடு ஆட்களாக இருந்திருக்கிறார். இறந்தவருக்கு என்ன முறை என்று கேட்டவர்களுக்கெல்லாம் துக்கத்தோடு தலையாட்டினாராம். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கும் அழைப்பு வந்தது.

இந்தத் தலையாட்டல்தான் பெரிய வில்லங்கம். வெளியில் திரியும்போது சார்ஜை மிச்சம் பிடிக்க மெஷினை நிற்பாட்டிவிடுவார். யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். அப்படி ஒரு காணித் தரகருக்கும் தலையாட்டியிருக்கிறார். அடுத்த நாளே வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்து, அறைகளை அளந்து, எந்த மதிலை இடிக்கலாம் என்று கதைக்கத் தொடங்கிவிட்டது. மாமி கட்டிலில் கிடந்தபடி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மாமாவைக் கிட்டக் கூப்பிட்டு, தன்னையும் சேர்த்தா விற்றது என்று கேட்டார். மாமா காதைத் திறந்து வைத்திருந்த நேரம் அது. இருவரும் சிரித்த சிரிப்பில் வந்தவர்கள் போய்விட்டார்கள்.

மாமி சிரித்து நான் கடைசியாகக் கண்டது அன்றைக்கு என்று எழுத நினைத்தேன். இல்லை, இன்னொரு தடவையும் சிரித்தார்.

பெற்றோல் இல்லாததால் அலுவலகத்துக்கு நாங்கள் முறை வைத்துப் போன காலம் அது. அன்று எனக்கு வீட்டில் முறை. மாமிக்குக் காலையிலிருந்தே மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு மாட்டேன் என்று தலையசைத்துவிட்டார். கரண்ட் விடியவே போயிருந்தது. மாமாவின் இரண்டு காதுகளும் முடிந்திருந்தன. என்னை மாமியோடு இருக்கச் சொல்லிவிட்டுப் பையோடு ஓடினார். சலூன் பூட்டியிருந்தது. ஐஸ் கொம்பனியில் வேலை இல்லை. கிண்ணியாக் காக்காவின் ஜெனரேட்டரில் டீசல் இல்லை. காக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு, தெரிந்த இடமெல்லாம் மாமாவோடு போய்க் கேட்டிருக்கிறார். கடைசியில் இருவரும் வெறுங்கையோடு வந்தார்கள். காக்கா வாசலோடு நின்றுகொண்டார்.

மாமா கட்டிலருகே கதிரையில் இருந்து, மாமிக்குக் கையை விரித்துக் காட்டினார். மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடது கையால் என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்தேன்.

“இவ்வளவு காலமும் கத்திக் கத்தித்தான் கதைச்சனான். ஊருக்கெல்லாம் கேட்டது. அவருக்கு வெக்கமா இருந்ததோ எண்டு கேள் பிள்ளை.”

நான் மாமாவின் காதில் வாயை வைத்து, வெட்கமாக இருந்ததா என்று மாமி கேட்பதாகக் கத்தினேன்.

“வெக்கையோ? ஓம், கரண்ட் இல்லைத்தானே. ஃபான் ஓடாது” என்று சொல்லிவிட்டு மாமா பேப்பரை எடுத்து மாமிக்கு விசிறத் தொடங்கினார்.

மாமியின் வாயில் அசையக்கூடிய பாதி சிரித்தது. அதுதான் நான் சொன்ன சிரிப்பு.

திரும்பவும் கத்தினேன். என் தொண்டையில் இருந்த முழுவதையும் போட்டுக் கத்தினேன். “தான் கத்தினது உங்களுக்கு வெக்கமா இருந்ததோ எண்டு மாமி கேக்கிறா.” எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். ஒழுங்கையில் மீன் விற்றுக்கொண்டு வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். வாசலில் நின்ற காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா விசிறுவதை நிறுத்தினார். காது கேளாதவர்கள் கதைக்கிற அந்தப் பெரிய சத்தத்தில்தான் அவரும் சொன்னார்.

“லோஞ்சில எஞ்சின் சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. வீட்டில உன்ர சத்தம் கேக்கிற வரைக்கும் பயமில்லை. வெக்கம் எங்க வந்தது?” பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, “இப்பத்தான் பயமா இருக்கு” என்றார்.

மாமி இடது கையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

பொழுதுபட முன் கரண்ட் வந்தது. மாமா இரண்டு காதுகளையும் சார்ஜ் ஏற்றிப் போட்டுக்கொண்டு கட்டிலருகே இருந்தார். விடிய மாமி போய்விட்டார். கண் விழிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு மாமா என்னிடம் சொன்னது இதுதான்.

“மூச்சு நல்லாக் கேட்டது பிள்ளை. கடைசிவரைக்கும் கேட்டது. அண்டைக்கு மட்டும் ஏனோ சார்ஜ் முடியாம நிண்டது.”

மகள் வந்தாள், எல்லாம் செய்தாள். தகப்பனைக் கனடாவுக்குக் கூப்பிட்டாள். மாமா மெஷின் போடாமல் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஆனால் போகவில்லை. காதுகளை மகள் கொழும்பில் கொடுத்து, புதுப் பட்டரி போட்டு அனுப்பினாள். அவை கனகாலம் அலுமாரிக்குள் கிடந்தன.

அண்மையில் ஒரு பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். இரண்டு காதிலும் மெஷின் இருந்தது. காலையில் போட்டதாகவும், இன்னும் சங்கீதம் வரவில்லை என்றும், இவ்வளவு சார்ஜை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏதும் கதையுங்கோ பிள்ளை.”

அன்றிலிருந்து தினமும் வருகிறார். நான் அலுவலகத்துக் கதையைச் சொல்வேன். அது முடிந்தால் மீன் விலை சொல்வேன். அதுவும் முடிந்தால் நடக்காததையும் நடந்ததாகச் சேர்த்துச் சொல்வேன். அவருடைய பட்டரி முடிவதற்கு முன் என்னுடைய கதை முடிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.