கூஸ்யாவுக்குப் பெண் தேடிய விவரம்

மரியாதைக்குரிய மைத்துனர், கால்நடை மருத்துவர் யெகோர் ஸ்தெபானவிச் அவர்கள் சமூகத்துக்கு,

நோவோசிபிர்ஸ்க் நகரிலிருந்து உங்கள் தங்கை ராய்சாவின் கணவன் விதாலி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். ராய்சாவின் ரத்த அழுத்தம் சுகம். என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல. அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், தங்கள் பொறுப்பிலுள்ள பசுக்களும், போன கோடையில் என் தொப்பியைத் தின்ற அந்தக் கன்றும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தொப்பியைப் பற்றி நான் மறந்தேவிட்டேன். தாங்களும் மறந்துவிடலாம்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், போனை எடுத்தால் ராய்சா பிடுங்கிக்கொண்டு உங்களிடம் உருளைக்கிழங்கு விதை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறாள். விஷயமோ பெரியது. வீட்டிலேயே குட்டை ஹாம்ஸ்டர்களை இனப்பெருக்கம் செய்து வளர்க்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி கொஞ்ச நாளாக எங்கள் குடும்பத்தை ஆட்டிவைக்கிறது. உங்கள் பக்கத்துப் புல்வெளியில் முதுகில் ஒரு கறுப்புக் கோட்டோடு, கட்டைவிரல் நீளத்தில் ஓடுமே, அதே எலி ஜாதிதான். ராய்சாவுக்கு இதில் பெரும் ஆசை. நான் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன், எதையும் பிரேக்கில் கை வைத்துக்கொண்டே யோசிக்கிறவன். எனவே நடந்ததையெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். படித்த மனிதர் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பனி விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, தக்காளி நாற்றுக்கு மண் வாங்கச் சந்தைக்குப் போனோம். மண் விற்கிறவனுக்கு அடுத்த கடையில் கிளி, மீன், முயல், இந்த ஹாம்ஸ்டர்கள். ஒரு கண்ணாடித் தொட்டியில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்க, ஒருவன் மட்டும் மூலையில் நின்று சூரியகாந்தி விதையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், சக்கரத்தைச் சோதிக்கிற மெக்கானிக் மாதிரி. ராய்சா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மண்ணு வாங்க வந்தோம். வாங்க போலாம், கால் விறைக்குது" என்றாள். வாயால் சொன்னது அதுதான். ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு அது தெரியாதா? குளிர் நடுக்கமா, பாச நடுக்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். அவள் மனம் நோகக் கூடாதென்று வாங்கிவிட்டேன். மண் வாங்க மறந்துபோனோம். பெயர் கூஸ்யா. ராய்சாவைத்தான் வைக்கச் சொன்னேன், "என்னமோ வையுங்க" என்றாள், அவள் விருப்பப்படியே வைத்தேன்.

அதன் பிறகு ராய்சாவின் போக்கே மாறிப்போனது. காலையில் எழுந்ததும் "உங்க மகராசன் முழிச்சிருக்கானா?" என்று முதலில் அவனைத்தான் விசாரிப்பாள். அவனுக்கு ஒரு வீடு வேண்டும் என்று அவள் கண்ணால் கேட்டதால், பால்கனியில் கிடந்த பிளைவுட்டை அறுத்து மாடி வைத்த வீடு ஒன்று செய்தேன். ஏணி உண்டு. மணல் குளியல் அறை உண்டு. "நம்ம சமையல்கட்டு அலமாரிக் கதவு தொங்கிக்கிட்டு எத்தனை மாசமாச்சு?" என்று அவள் கேட்டது, அந்த வேலைப்பாட்டைப் பார்த்து வியந்துதான். கூஸ்யா ராத்திரி முழுதும் சக்கரத்தில் ஓடுவான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வருகிறது, தண்டவாளத்தின் மேல் படுத்திருக்கிற மாதிரி ஒரு நிம்மதி. ராய்சா காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள். சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாத குடும்பம் உங்களுடையது.

ஒரு நாள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "பாவம், ஒண்டியா கெடக்கான்" என்று ஒரு குரல் கேட்டது. அந்த அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அன்று தொடங்கியது பேச்சு. ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் என்ன? குட்டிகள் பிறந்தால் என்ன? பால்கனியில் இடமில்லையா? ஊரில் குட்டை ஹாம்ஸ்டர் சங்கம் ஒன்று இருப்பதும், அதன் தலைவி இன்னா பாவ்லவ்னா என்ற அம்மாள் நல்ல வம்சத்துப் பெண்களை வைத்திருப்பதும் தெரியவந்தது. தெரியவந்தது என்றால், நான் விசாரித்தேன். ராய்சாவுக்காக.

ஞாயிற்றுக்கிழமை கேக் ஒன்று வாங்கிக்கொண்டு, கூஸ்யாவை என் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போனோம். நான் டை கட்டியிருந்தேன். ராய்சா, "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இத கட்டல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் ஒரு சுவர் முழுவதும் கூண்டுகள். நூலகம் மாதிரி அமைதி. இன்னா பாவ்லவ்னா ஒல்லியாக, உயரமாக, தலைமை ஆசிரியை போல. வீட்டுச் செருப்பு கொடுத்தார், தேநீர் கொடுத்தார், கேக்கைத் தொடவேயில்லை. கூஸ்யாவை உள்ளங்கையில் வாங்கி, ரோமத்தை ஊதிப் பார்த்து, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"பையன் எங்க பொறந்தான்?"

"சந்தையில வாங்கினோம்ங்க."

"சந்தையில வாங்கினது தெரியுது. எங்க பொறந்தான்னு கேட்டேன்."

"அது... கேக்கலைங்க."

"அப்பா யாரு?"

"தெரியாதுங்க."

"அம்மா?"

"நல்ல குடும்பமாத்தான் இருக்கும். பையனப் பாத்தா தெரியுதே."

ராய்சா தேநீரில் புரையேறி இருமினாள். இன்னா பாவ்லவ்னா சிரிக்கவில்லை. "இது ரெண்டு ஜாதி கலந்தது மாதிரி தெரியுது. கண்ண மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகம்னு வந்துட்டா நான் பொண்ணு தர்றதில்ல. கலந்துட்டா குட்டிங்களுக்குச் சர்க்கர வியாதி வரும், கண்ணு போகும். நீங்க நல்லா வெச்சுக்குங்க, இவன் நல்லா இருப்பான். கல்யாணம் மட்டும் வேணாம்" என்றார்.

மைத்துனரே, என் வாழ்நாளில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். ஓம்ஸ்க் நிலையத்தில் ஒரு அதிகாரி எல்லார் எதிரிலும் திட்டினார். ஒன்றும் தோன்றவில்லை. இது மட்டும் நெஞ்சில் இறங்கியது. கூஸ்யாவோ அந்த அம்மாளின் மணிக்கட்டில் ஏறி முகம் கழுவிக்கொண்டிருந்தான். "அப்ப வேற ஒரு ஜோடி, நல்ல வம்சத்துல...?" என்று என் வாயில் ராய்சாவின் கேள்வி வந்தது. அதற்கு அந்த அம்மாள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் வேர்க்கிறது. "ஒவ்வொண்ணுக்கும் தனிக் கூண்டு வேணும், ஒண்ணா வெச்சா கடிச்சுக்கும், தெரியுமா? குட்டி போட்ட கையோட எட்டி எட்டிப் பாத்தா அம்மாவே குட்டியத் தின்னுடும், பாக்காம இருப்பீங்களா? பொறந்ததெல்லாம் எங்க போகும்? யாரு வாங்கிப்பா? மொதல்ல அத விசாரிச்சுட்டு வாங்க." ராய்சா, "அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள். பார்த்தீர்களா? இரண்டு பெண்களும் எவ்வளவு சீக்கிரம் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்!

சரி, விசாரிப்பதில் என்ன நஷ்டம் என்று எங்கள் கட்டிடத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன், இந்த முழங்காலோடு. மேல் மாடி ஸாவேலியை உங்களுக்குத் தெரியும், போன புத்தாண்டுக்கு உங்களோடு சதுரங்கம் ஆடித் தோற்று, பலகையை மடித்துக்கொண்டு போனவர். அவர் கதவைத் திறந்து, பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "முட்ட போடுமா?" என்றார்.

"போடாது, ஸாவேலி. அது எலி மாதிரி."

"பாலு?"

"கட்டவெரல் அளவு இருக்குது, பாலு எங்கேர்ந்து கறப்ப?"

"அப்ப எதுக்குய்யா அது?"

எதுக்கு? படியிலேயே நின்று யோசித்தேன். இன்னொரு வீட்டில், "எங்க பூனைக்குப் புடிக்கும், ரெண்டு குடுங்க" என்றார்கள். கீழ்த்தளத்தில் கட்டிடக் கமிட்டித் தலைவி ஆல்பினா மக்ஸீமவ்னா கதவைப் பாதி திறந்து, "எலியா? எலிய ஒழிக்கத்தான் நான் வருஷா வருஷம் மருந்து வெக்கச் சொல்லிப் போராடறேன். நீங்க வளக்கப் போறீங்களா? கூட்டத்துல வெக்கிறேன் இத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இப்படியாக விசாரணை முடிந்து, ஒருவர்கூட வாங்கத் தயாரில்லை என்ற நல்ல செய்தியோடு வீட்டுக்கு வந்து பார்த்தால், கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது. கூஸ்யா இல்லை.

கதவை யார் மூடவில்லை என்று விசாரிக்க வேண்டாமென முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்றால், நான் செய்தேன். ராய்சாவைத் தேற்ற வேண்டியிருந்தது. "பதறாதீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, எங்கயும் போயிருக்க மாட்டான்" என்று அவளே தனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டாள், என் பக்கம் திரும்பி. சோபாவைப் புரட்டினேன். சுவர் நீளத்துக்கு நிற்குமே, உங்கள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த அந்த அலமாரி, அதைக் கழற்றினேன். கண்ணாடிக் கிண்ணங்களைத் தரையெல்லாம் பரப்பினேன். சத்தம் கேட்டு ஸாவேலி இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் குப்புறப் படுத்து, டார்ச்சோடு, அறையைச் சூடாக்குகிற குழாய்க்கு அடியில் புகுந்துகொண்டார். பூனை வீட்டுக்காரர்கள் பூனையைக் குளியலறையில் பூட்டிவிட்டு வந்தார்கள். எல்லாரும் மண்டியிட்டு "கூஸ்யா, கூஸ்யா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் ஆல்பினா மக்ஸீமவ்னா. "என்ன இங்க இடிக்கிறீங்க? கட்டிடம் விழுந்துடும்" என்று ஆரம்பித்தவர், சமையல்கட்டுப் பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

கதவு தொங்குகிற அந்த அலமாரியில், கோதுமைக் குருணைப் பைக்குள்ளிருந்து ஒரு தலை. இரண்டு கன்னத்திலும் குருணையை அடைத்து அடைத்து, தலை உடம்பைவிடப் பெரிதாகி, வந்த வழியே வெளியே வர முடியாமல் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆல்பினா மக்ஸீமவ்னா கத்துவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ பையைக் கிழித்து, கையை நீட்டினார். அவன் அந்தக் கையில் ஏறி, கன்னத்திலிருந்த குருணை முழுவதையும் அவர் உள்ளங்கையில் துப்பி வைத்தான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எனக்காடா கண்ணு? எனக்காடா எடுத்துட்டு வந்த?" என்றார்.

ராய்சா மாவு கரைத்து அப்பம் சுட்டாள். பரப்பிக் கிடந்த கிண்ணங்களை எடுத்துத் துடைத்து, தரையிலேயே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். ஒரே கட்டிடத்தில் இருந்தும் இவர்களெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது அன்றுதான். ஸாவேலி முழங்கையில் தூசியோடு, "குட்டி பொறந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யுங்க" என்றார். "எதுக்குய்யா அது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். "சும்மா இருக்கட்டுமே" என்றார். ஆல்பினா மக்ஸீமவ்னா கிளம்பும்போது காதோடு சொன்னார்: "எனக்கு ரெண்டு. கூட்டத்துல ஒண்ணும் வெக்கல."

ஆக, வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பால்கனியும் இருக்கிறது. பிளைவுட் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் அறுத்துப் பார்த்ததில் சில கூண்டுகள் தாமாகவே உருவாகிவிட்டன, அதுவும் இருக்கிறது. ஆனாலும் என் அறிவு, வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இந்த வயதில் எதற்கு? ஒரு தாய் தன் குட்டியைத் தின்றால் என்னால் தாங்க முடியுமா? ராய்சாவால் தாங்க முடியுமா? குட்டிகளைப் பிரித்துக் கொடுக்கிற அன்று வீடு எப்படி இருக்கும்? நீங்கள் ஆயிரம் கன்றுகளைப் பிரித்தவர், உங்களுக்குப் பழக்கம். எனவே நான் உறுதியாக எதிர்க்கிறேன். இருந்தாலும் ராய்சா ஏக்கத்தில் உருகுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மருத்துவர் என்ற முறையில் "தொடங்கலாம்" என்று நீங்கள் எழுதினால், மூத்தவர் சொல்லைத் தட்ட முடியாமல், கனத்த மனதோடு ஒத்துக்கொள்வேன். "வேண்டாம்" என்று எழுதினால் ராய்சா உடைந்துபோவாள், அதற்கு நான் பொறுப்பல்ல என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கைபட்ட மாடெல்லாம் நோயின்றிப் பால் பொழியட்டும். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கன்றுக்கும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
விதாலி

பின்குறிப்பு: அண்ணா, நான் ராய்சா எழுதறேன். ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டுப் போனார், படிச்சுட்டேன். இதுல அந்த முழங்கால்கூட உண்மையில்ல, ரெண்டு முழங்காலும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஹாம்ஸ்டரும் வேணாம், குட்டியும் வேணாம்னு மொத நாள்லேர்ந்து தமுக்கடிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன். அன்னிக்கு சோபாவுக்கு முன்னால உக்காந்து அழுதது நான் இல்ல. ஆனா நீ "வேணாம்"னு எழுதிடாத. ரயில விட்டு இறங்கின நாள்லேர்ந்து ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன், இப்ப என்கிட்ட பொய் சொல்ற அளவுக்குத் தெம்பாயிட்டார். ஞாயித்துக்கிழமை தவறாம, நீர்த்தேக்கத்துல ஐஸ்ல ஓட்ட போட்டு மீன் புடிக்கப் போறேன்னு கிளம்பறார். போறது இன்னா பாவ்லவ்னா வீட்டுக்கு. அங்க கூண்டு கழுவி, பிரசவம் பாக்க, எட நிறுக்க எல்லாம் கத்துக்கறாராம். அந்தம்மா நேத்து போன் பண்ணி, "உங்க வீட்டுக்காரர் தேறிட்டார், அடுத்த வாரம் ஒரு ஜோடி தர்றேன், அவர்கிட்ட சொல்லாதீங்க"ன்னாங்க. நானும் சொல்லல. தேக்கத்துல ஐஸ் உருகி, படகு விட ஆரம்பிச்சாச்சு அண்ணா. இன்னிக்குக் காலையிலயும் ஐஸ்ல ஓட்ட போடற துளைக்கருவியத் தோள்ல மாட்டிக்கிட்டு, "இன்னிக்கு மீன் நல்லா மாட்டும்"னுட்டுக் கிளம்பினார். நானும் ரொட்டியும் வெள்ளரிக்காயும் கட்டிக் குடுத்து, ஐஸ்ல வழுக்கிடாமப் பாத்துப் போங்கன்னு அனுப்பி வெச்சேன்.