கொஸ்தா ரிக்காச் சம்பந்திக்கு ஊற்றிய கூழ்

அரைகுறை அறிவுள்ளவரை எப்படியும் சமாளித்துவிடலாம். அந்த அரைகுறையைச் சம்பளத்துக்குப் படிப்பிக்கிறவரைச் சமாளிப்பது கஷ்டம். நான் யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் புவியியல் ஆசிரியை.

ரொறன்ரோவில் இருந்த என் தம்பி குகன், கொஸ்தா ரிக்காக்காரி மரியானாவைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் நான்தான் அந்த நாட்டின் தூதுவர். எரிமலை, கோப்பி, வாழைத்தோட்டம், இரு பக்கமும் சமுத்திரம் என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அம்மா மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை வைத்திருந்தால் பெயில்தான்.

பிறகு ஒருநாள் குகன் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, மரியானாவின்ர தகப்பன் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை. தாயில்லாத ஒரே பிள்ளை. எங்கட வீட்டுக்கு வந்து, எங்களோட இருந்து சாப்பிட்டுப் பாத்துத்தான் முடிவு சொல்லுவாராம். கவனமாச் செய்யுங்கோ."

கவனமாகத்தான் செய்தேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசர்தான் அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். இது புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே கொஸ்தா ரிக்காக்காரர் எங்களைவிட உறைப்பாகச் சாப்பிடுவார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, என் சொந்தக் கண்டுபிடிப்பு. பனங்கிழங்கு மாவில் மீன் போட்டு ஒடியற் கூழ் காய்ச்சுவது, அதற்குச் செத்தல் மிளகாயை இரட்டிப்பாக அரைப்பது என்று முடிவெடுத்தேன்.

"முதல்முதல் வாற மனிசனுக்குக் கூழே குடுக்கிறது? உறைப்பும் கூடிப்போச்சு, பிள்ளை," என்றார் அம்மா.

"உங்களுக்கு விளங்காது அம்மா. மிளகாயே அவையின்ர சாமான். குறைச்சுப் போட்டால் குறை நினைப்பினம்."

அம்மாவுக்கு வயிற்றுப்புண். மிளகாய் போடாத கௌபிப் பயற்றங் கறியும் சோறும் தனக்கென்று தனியாக வைத்திருந்தார். அந்தச் சட்டிகளைக் குசினி அலுமாரிக்குள் ஒளித்ததும் நான்தான். (பஞ்சம் பிடித்த வீடு என்று நினைத்துவிட்டால்?)

குகனோடும் மரியானாவோடும் அவள் தகப்பன் ரஃபாயேல் வந்திறங்கினார். பெரிய உடம்பு, கூச்ச சுபாவம். முற்றத்துப் பாயில் சப்பாணி கட்டி இருந்து, கூழ் வார்த்த பனையோலைப் பிளாவை இரு கையாலும் வாங்கினார். நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் மிளகாயின் வரலாறு சொல்ல, மரியானா தகப்பனுக்கு மொழிபெயர்த்தாள். மனிதர் மரியாதைக்குத் தலையாட்டித் தலையாட்டி முழுவதையும் குடித்து முடித்தார்.

வரலாறு அத்தோடு நின்றது. முதலில் சிவந்தார். பிறகு வியர்த்தார். பிறகு கண்ணீர் வழிய எழும்பி, கண் தெரியாமல் கிணற்றடிக்குப் பதிலாக மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார்.

"எங்கள் நாட்டில் உறைப்புச் சாப்பிடமாட்டோம்," என்று மரியானா ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். "நீங்கள் சொல்வது மெக்சிக்கோ."

"எவ்வளவு பாடுபட்டு மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஒரு பிளாவிலை முடிச்சுப்போட்டியள், அக்கா," என்றான் குகன். எனக்கு அழுகை வந்துவிட்டது. (ஒரு சொட்டுக் கூழும் குடிக்காமலே.)

அம்மா அலுமாரியைத் திறந்து தன் சோற்றையும் கௌபியையும் குழைத்து, மேலே தயிர் விட்டு, கொட்டிலடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரஃபாயேல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாய் வைத்தார். பிறகு மாட்டுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"சோறும் இது மாதிரி ஒரு கறுத்த விதையும்தான் எங்கள் காலைச் சாப்பாடு," என்றாள் மரியானா. "என் அம்மா போனபிறகு இப்படி ஒருவரும் குழைத்துத் தரவில்லை என்கிறார்." அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

கை கழுவி வந்த ரஃபாயேல் அம்மாவைப் பார்த்து "ஓம்" என்றார். குகன் பழக்கிய ஒரே தமிழ்ச் சொல் அது. பிறகு மகள் மூலம் கதைத்துக்கொண்டிருந்தபோது, வரும் வழியில் கடற்படைக் காவலரணைக் கண்டதையும், தங்கள் நாட்டில் படையை எப்போதோ கலைத்துவிட்டதையும் சொன்னார்.

"ஆமியே இல்லையோ?" அம்மா என் பக்கம் திரும்பினார். "எரிமலை, வாழைக்குலை எல்லாம் சொன்னனி. இதைச் சொல்லேல்லையே, பிள்ளை. சொல்லியிருந்தால் பொம்பிளையைப் பாராமலே நான் ஓமெண்டிருப்பன்."

தெரியும்தான். அது பரீட்சைக்கு வராத பகுதி.

இப்போது குகன் குடும்பம் கொஸ்தா ரிக்காவில்தான், ரஃபாயேலோடு. குகனின் மகளுக்கு நான் "மிளகாய் மாமி". இங்கே வீட்டுக்கு யார் வந்தாலும், பக்கத்து மண்டைதீவு ஆளாக இருந்தாலும், நான் அகப்பையைத் தூக்க முன்னர் அம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பார்: "இவர் எந்த நாடெண்டு அவரையே கேள், பிள்ளை. நீ சொல்லாதை."