ஆடி மாதத்து ஆக்ஸில் நட்டு

முன்சக்கரத்து ஆக்ஸில் நட்டை எத்தனை சுற்று தளர்த்தினால் வண்டி ஆடும், ஆனால் ஆள் விழமாட்டான் என்பது ஜானகிராமனுக்குத் தெரியவில்லை. நெம்மேலிச் சவுக்குத் தோப்போரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு குருட்டுத் தைரியத்தில் முக்கால் சுற்று தளர்த்தினான்.

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி இரண்டே மாதம். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் அவனுக்கு வேலை. ஆடி பிறந்ததும் மாமனார் ராஜாராம் வந்து, மகள் வசுமதியைத் தம் ஊரான திருவிடந்தைக்கு அழைத்துப் போய்விட்டார். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. ஆனால் வாசலில் வண்டி பழுதாகி நின்றால்? வேண்டுமென்றா நிற்கிறது, பாவம்!

தடதடவென்று ஆடிக்கொண்டே போன வண்டி, சரியாக மாமனார் வீட்டெதிரே நின்றது.

"இன்னா மாப்ள, இந்தப் பக்கம்?"

"கோவளத்துல ஒரு வேல மாமா. கரெக்டா இங்க வந்து மக்கர் பண்ணுது."

ராஜாராம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பேனரோடு குந்தினார்.

"நட்டு லூசு. அவ்ளோதான். மொதல்ல ஆக்ஸில் நட்ட முறுக்கணும். அப்பால ஹேண்டில்பாரப் புடிச்சி நாலு தபா அமுக்கணும். சக்கரத்தப் புடிக்கிற ஃபோர்க் தானா நேரா உக்காரும். அதுக்கப்புறந்தான் ஃபோர்க் போல்ட்டு. ஆச்சு, கோவளத்துக்குக் கெளம்புங்க."

இரண்டே நிமிஷம். உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் காதில் வைத்துக்கொண்டு, வேலையே இல்லாத கோவளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அடுத்த ஞாயிறு, மாமனார் சொன்னதை அப்படியே தலைகீழாகச் செய்தான். ஃபோர்க் போல்ட்டு முதலில், ஆக்ஸில் நட்டு பிறகு. ஃபோர்க் இறுகிக்கொண்டு அசைய மறுத்தது. வழியில் இருந்த பள்ளமெல்லாம் அவன் முதுகெலும்பில் வந்து இறங்கியது.

"எந்தப் பேமானி மாப்ள இத்த முறுக்கினது?"

"கல்பாக்கத்துல... ஒருத்தன் மாமா."

"அவங்கையில இனிமே வண்டியக் குடுக்காதீங்க. பேஜாரு புடிச்சவன்!"

"சரி மாமா."

இந்தத் தடவை பத்து நிமிஷம் ஆயிற்று. காபி வந்தது, மாமனார் கையில். சர்க்கரை தூக்கல். வசுமதி போட்டதுதான், சந்தேகமே இல்லை! கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தான். ஜன்னல் திரை அசைந்தது. கடற்காற்று என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

மூன்றாம் ஞாயிறு பொறுமை போய்விட்டது. ஸ்பேனர் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, பலங்கொண்ட மட்டும் முறுக்கினான். 'மொறுக்' என்றது. அதற்குப் பிறகு நட்டு இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது, எதையும் பிடிக்கவில்லை. நெம்மேலியிலிருந்து வெயிலில் தள்ளிக்கொண்டே வந்தான்.

ராஜாராம் தொட்டுப் பார்த்தார். "மரை பூட்ச்சு மாப்ள."

"அப்ப... வண்டி இங்கியே நிக்கணுமா மாமா?" குரலில் துக்கத்தைக் கொண்டுவர அவன் படாத பாடு பட்டான்.

"நிக்கட்டும். மெட்ராஸ்ல புது ஆக்ஸில் வாங்கி மாட்டி, ஆடி முடிஞ்சதும் நானே ஓட்டியாந்து குடுக்கறேன். உங்களுக்கு மூணு மணிக்கு பஸ்ஸு கீது."

போயிற்று. இனி பழுதாவதற்கு வண்டிகூட இல்லை. மாமனார் அதைக் கொல்லைப்பக்கம் உருட்டிப் போனார். ஜானகிராமன் ஜன்னலடிக்குப் போனான்.

"வசு..." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் பேசவாணாம். மொகத்த மட்டும் காட்டு. பூட்றேன்."

திரை விலகியது. மாமியார் லோகநாயகி நின்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அவ எங்க கீறா மாப்ள இங்க? கூட்டியாந்த அன்னிக்கே கூடுவாஞ்சேரி அத்த வூட்ல வுட்டுட்டாரு. ஆடியில என்னியப் பாக்க, எங்கப்பாரு வூட்டு வாசல்ல ஒம்போது தபா சைக்கிள் செயினக் கழட்டினவராச்சே அவரு!"